நாப்பத்திரண்டுக்கு நாப்பத்திரண்டு

இல்லீங்கண்ணா, சொந்தமெல்லாம் இல்ல. உங்க விசிட்டர் நோட்டுல உறவுன்னு போட்ட கட்டத்துல வேற என்னத்த எழுதறது? டீச்சர்னு எழுதிட்டேன், பாருங்க. ராஜலட்சுமி. தேன்கனிக்கோட்டைக்கு அந்தாண்ட ஒரு கவர்மெண்ட் ஸ்கூலு. அவளுக்குப் பன்னண்டாவதுல கணக்குக் கிளாஸு நான்தான் எடுத்தேன். வாட்ச்மேண்ணா, நீங்க இந்த கேட்டைக் கூடத் திறக்க வேணாம், அவள ஒரு அஞ்சு நிமிசம் இங்க வெளிய அனுப்புங்க, போதும். அனுப்ரியா. மூணாவது மாடின்னாங்க. இன்னிக்கு ஞாயித்துக்கெழம, ஷிஃப்ட் இல்லல்ல?

அய்யோ, அவங்க அப்பாவுக்கு மட்டும் போன் போட்றாதீங்கண்ணா. ரூல்ஸு, தெரியுது. அப்பா அம்மா வந்தாதான் அனுப்புவீங்க. ஆனா கங்கப்பனுக்கு மக இந்தக் கம்பெனி ஆஸ்டல்ல இருக்கறதே தெரியாது. காலேஜ் ஆஸ்டல்ல இருந்து படிச்சிட்டிருக்கான்னு நெனச்சிட்டிருக்காரு மனுசன். போன வாரம் பஸ் ஸ்டாண்டுல பாத்தேன். ராகி மூட்டைய எறக்கி வச்சிட்டு, ரெண்டு கையையும் எடுத்து என்னக் கும்புடறாரு. எம்பொண்ணு இன்ஜினியர் ஆயிருவா மேடம், எல்லாம் உங்களாலதான்ங்கறாரு. மூஞ்ச எங்க வச்சிக்கறதுன்னே தெரியல எனக்கு. வந்த பஸ்ஸு எந்த ஊருக்குன்னு கூடப் பாக்காம ஏறிட்டேன்.

சரி, உக்காந்துக்கறேன். வெயிலு பரவால்லிங்க.

அது என்னன்னா, அந்த பேட்ச்சுல மொத்தம் நாப்பத்திரண்டு புள்ளைங்க. நாப்பத்திரண்டும் பாஸு. நாப்பத்திரண்டும் காலேஜு. எங்க பக்கம் அதெல்லாம் நடக்காத காரியம்ணா. ஊர்க்காரங்களே காசு போட்டு பஸ் ஸ்டாப்புல ஃப்ளெக்ஸ் வச்சாங்க, நடுவுல அனு மூஞ்சி, பெருசா. ஹெச்எம் கமலக்கண்ணன் சாருக்கு ஷீல்டு குடுத்தாங்க. எனக்கு ஒரு சால்வை போத்தினாங்க. நானும் பல்லக் காட்டிக்கிட்டு நின்னேன், வெக்கங்கெட்டவ.

சேந்தவங்கள்ல இப்ப எத்தன பேரு இருக்காங்க? அதத்தான் யாருமே கேக்கல. ஹெச்எம் குடுத்த ஃபாரத்துல சேந்தாச்சா, சேரலியா, அவ்ளோதான் கட்டம். இருக்காங்களா, ஓடிட்டாங்களான்னு ஒரு கட்டமும் கிடையாது. நான்தான் மனசு கேக்காம ஒவ்வொருத்தருக்கா போன் போட்டேன். பத்தொம்பது பேரு படிப்ப விட்டு நின்னுட்டாங்கண்ணா. முழுசா ஒரு வருசம் ஆவல. கல்யாணம் ஆயிப் போனது ரெண்டு. மத்ததெல்லாம் கம்பெனி, கோழிப்பண்ணை, பெங்களூரு.

படிக்காத புள்ளைங்களா? அதான இல்ல! எங்க கிளாஸுல வந்து நீங்க காது குடுத்துக் கேக்கணும். புஸ்தகத்துல இருந்து நூத்திப்பத்து கணக்கு பொறுக்கி வச்சிருந்தேன். அது வந்தா போதும், பாஸு. தெனம் பிரேயருக்கு முன்னாடி எல்லாரும் சேந்து சத்தமா சொல்லணும். கேள்வி, சூத்திரம், மொத வரி, ரெண்டாம் வரி, அடைப்புக்குறி, மைனஸு, கடசில விடை மூணு. பாட்டு மாதிரி சொல்லுவாங்க. கேள்வில மொத வார்த்தையப் பாத்தாலே அனு கடசி வரி வரைக்கும் எழுதிருவா, ஒரு புள்ளி மாறாது. எம்பத்தொம்பது மார்க்கு வாங்கினா. புஸ்தகத்துல இல்லாம புதுசா ஒரு கணக்கு கட்டாய வினான்னு வரும், அதத் தொடவே தொடாதீங்கன்னு முன்னயே சொல்லி வச்சிருவேன்.

ஒரு தடவ அவளே எந்திரிச்சுக் கேட்டா. மேடம், இந்த மூணாவது வரி எங்கருந்து வந்துச்சுன்னு. நான் என்ன சொன்னேன் தெரியுங்களா? எங்கருந்து வந்தா உனக்கென்னடி, பரிச்சையில வருது, எழுதிட்டுப் போன்னேன். கிளாஸே சிரிச்சுது. அவளும் சிரிச்சா. அதுக்கப்புறம் ஒரு கேள்வி கேக்கல அந்தப் புள்ள.

உங்களுக்கும் பொண்ணா? எட்டாவதா? நல்லா இருக்கட்டும். எங்கருந்து வந்துச்சுன்னு அது கேட்டா மட்டும் வாய அடைச்சிறாதீங்கண்ணா.

காலேஜுக்குப் போனாளா, அங்க ஒரு சாரு போர்டுல கணக்கு எழுதி இவளக் கூப்புட்டிருக்காரு. எங்க கணக்கேதான் அது. கேள்வில மூணு வர்ற எடத்துல மட்டும் அஞ்சு போட்டிருக்காரு. இவ விறுவிறுன்னு போயி, மூணயே போட்டு, எங்க கணக்க முழுசா எழுதி, விடைக்கு அடில ரெண்டு கோடும் இழுத்துட்டு வந்து உக்காந்துட்டா. ஏம்மா, நம்பரு மாறியிருக்கே, பாக்கலியான்னு கேட்டிருக்காரு. பாத்தேன் சார், நீங்க தப்பா எழுதிட்டீங்கன்னு நெனச்சேன்னு சொல்லியிருக்கா.

சிரிப்பு வருதில்ல? எல்லாரும் அப்பிடித்தான் சிரிச்சாங்களாம். சுப்ரியா எங்கிட்ட போன்ல சொன்னப்ப அவளும் சிரிச்சுக்கிட்டேதான் சொன்னா. சுப்ரியான்னா, எங்க ஸ்கூலுதான், அதே காலேஜு, அவளும் விட்டுட்டு உங்க ஆஸ்டல்லதான் இருக்கா. நான் போன வச்சிட்டு, ஸ்டாஃப் ரூமுக்குப் போவாம பாத்ரூமுல போயி நின்னு அழுதேன்.

மொத செமஸ்டருல நாலு அரியரு. பொங்கலுக்கு வீட்டுக்குப் போனவ, காலேஜுக்குப் போறேன்னு பைய எடுத்துக்கிட்டு இங்க மத்திகிரிக்கு, உங்க கம்பெனிக்கு வந்துட்டா. சரி, ஏதோ ரெண்டு மாசம் வேலை செய்யட்டும், திரும்பிப் போயிருவான்னு நெனச்சேன். இப்ப கம்பெனில ஒரிஜினல் மார்க் ஷீட்டு கேக்கறாங்களாம். அது காலேஜு கையில இருக்கு, சீட்ட விட்டாதான் தருவாங்க. அதுக்கு நாளைக்கு லீவு சொல்லிட்டு, காலேஜுல போயி டிசி வாங்கப் போறாளாம். வாங்கிட்டா முடிஞ்சுதுண்ணா. கவர்மெண்ட் ஸ்கூல் புள்ளைங்க கோட்டாவுல கெடச்ச சீட்டு அது. இன்னொரு தடவ எவன் குடுப்பான்? அந்தக் காலேஜுல ஒரு மேடத்துக்கிட்ட நான் போயிப் பேசிட்டு வந்துட்டேன். சாயங்காலம் சாயங்காலம் உக்கார வச்சு, அஞ்சாங்கிளாஸ் கணக்குல இருந்து வேணும்னாலும் சொல்லித் தர்றேன்னாங்க, தங்கமானவங்க. புள்ள போயி உக்காரணும்ல? என் போன எடுக்க மாட்டேங்கறா. நம்பரையே பிளாக் பண்ணிட்டா.

உள்ளுக்கு போன் போட்டுக் கேக்கறீங்களா? ரொம்ப நன்றிங்கண்ணா. கன்னடத்துலயே கேளுங்க, அவங்க வீட்டுல அதான் பேச்சு. அப்பிடிக் கேட்டா கொஞ்சம் மனசு எறங்குவா. திட்ட வரலன்னு சொல்லுங்க.

என்னங்கண்ணா, வெச்சுட்டாளா? என்ன சொன்னா? பரவால்ல, முழுசா சொல்லுங்க, எனக்கு ஒன்னும் வருத்தமில்ல. ம். கணக்கு எனக்கு வராது. ம். தமிழம்மாவப் போகச் சொல்லுங்க.

ஆமாங்கண்ணா. தமிழம்மாதான். நான் தமிழ் டீச்சருதான்.

கணக்குப் போஸ்ட்டு ரெண்டு வருசமா காலி. வந்த ஒருத்தரும் பத்தே நாள்ல மாத்தல் வாங்கிட்டுப் போயிட்டாரு. ஹெச்எம் கூப்புட்டு, செய்யுளையே புள்ளைங்களுக்கு மனப்பாடம் ஆக்கிவுடறீங்க, இதையும் ஆக்கிவுடுங்க மேடம்னு ஒரு கைடு குடுத்தாரு. ஆக்கிவுட்டேன். அதோட வாய மூடியிருந்தா பரவால்ல. புள்ளைங்க பயந்து சாவுது, தைரியம் சொல்லணுமேன்னு தெனம் ஒன்னு சொல்லுவேன். தமிழ் படிச்ச எனக்கே புரியுது, உங்களுக்குப் புரியாதா? சொல்லிட்டு, புஸ்தகத்தப் பாக்காம போர்டு முழுக்க எழுதுவேன். வாயப் பொளந்துக்கிட்டுப் பாப்பாங்க. காலேஜ விட்ட அன்னிக்கு அனு சுப்ரியாகிட்ட இதச் சொல்லித்தான் அழுதாளாம். தமிழம்மாவுக்கே புரிஞ்சது எனக்குப் புரியலன்னா, நான் மண்டுதானேடின்னு.

எனக்குப் புரியலண்ணா. ஒரு வரி கூடப் புரியல. காலைல சோத்த அடுப்புல வச்சிட்டு, அந்தக் கைடை மடில போட்டுக்கிட்டு நானும் மனப்பாடந்தான் பண்ணினேன். இத வாட்ஸப்புல சுப்ரியாவுக்கு எழுதி அனுப்பலாம்னு எழுதுவேன், அழிப்பேன். ஹெச்எம் கண்ணுல பட்டா என்னாவும்னு பயம். அந்தப் பயத்துல ஒரு மாசத்த ஓட்டிட்டேன், பாவி.

அவ வெளிய வர வேணாம். நீங்களே இன்னொரு தடவ போனப் போடுங்கண்ணா. அந்தம்மாவுக்கும் கணக்கு தெரியாதாம், எப்பவுமே தெரியாதாம், தெரியற மாதிரி பொய் சொன்னாங்களாம்னு சொல்லுங்க. சத்தமாவே சொல்லுங்க, பக்கத்துல இருக்கறவங்களுக்குக் கேட்டாலும் பரவால்ல.