மூலை பெஞ்சுக்கு ஐந்து நட்சத்திரம்

இந்த ஸ்டேஷன் காப்பியில் சீனி கொஞ்சம் தூக்கல், மேடம். ஆனால் சூடு சரியாக இருக்கிறது. போலீஸ் ஸ்டேஷன் காப்பி என்றால் கழனித்தண்ணி என்று இத்தனை நாள் நினைத்திருந்தேன். தப்பு என்று தெரிந்தால் திருத்திக்கொள்கிற ஆள் நான்.

பெயர் ஞானசிங். வடசேரியில் ஒரு ரப்பர் ஷீட் வியாபாரியிடம் கணக்கு எழுதுகிறேன். அது வயிற்றுப்பாட்டுக்கு. மனசுக்கு என்று பார்த்தால், காப்பிக்கடைகளைப் பற்றி எழுதுவது. எந்தக் கடையில் குடித்தாலும் போன் மேப்பில் அந்தக் கடைக்குக் கீழே நாலு வரி எழுதி நட்சத்திரம் போடுவேன். காப்பி எப்படி, கடையின் சூழல் எப்படி, இரண்டையும் சொல்லிவிடுவேன். என் எழுத்தை நம்பி மார்த்தாண்டத்திலிருந்துகூட வருகிறார்கள். நம்பி வருகிறவனை ஏமாற்றுவது பாவம்.

பெனிஷின் கடை பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் இருக்கிறது. கருப்பட்டிக் காப்பி நன்றாகத்தான் இருக்கும், ஆனால் அது மாதிரி பத்துக் கடை உண்டு. அந்தக் கடையின் விசேஷம் யேசுரத்தினம் அண்ணாச்சி. மனைவி போன பிறகு தனியாக இருக்கிறவர். காலையில் வந்து மூலை பெஞ்சில் உட்காருவார். முதல் மடக்குக் குடித்ததும் கண்ணை மூடி, "கொள்ளாம்" என்பார், எங்கள் பக்கத்தில் நன்றாயிருக்கிறது என்று அர்த்தம். அவ்வளவுதான். அந்த ஒரு சொல்லில் கடையே நிறைந்துவிடும். அதை அப்படியே எழுதி, அவர் படத்தையும் போட்டு, ஐந்து நட்சத்திரம் கொடுத்தேன். அதைக் கேட்கவே ஆட்கள் வந்தார்கள். பெனிஷ் இன்னும் இரண்டு பெஞ்சு வாங்கிப் போட்டான்.

அப்போதுதான் மஸ்கட்டில் இருக்கிற மகள் ஜினி, அவரைக் கூட்டிக்கொள்ள விசா அனுப்பினாள்.

"பேத்திய போனுலதான் பாத்திருக்கேன் மக்களே," என்றார். "ஒருக்கா மடியில வச்சுப் பாக்கணும். பின்ன கர்த்தர் விட்ட வழி."

எனக்கும் சந்தோஷம்தான். ஆனால் நியாயத்தை யோசித்துப் பாருங்கள். அவர் போன மறுநாள் குலசேகரத்திலிருந்து ஒருவன் பஸ் ஏறி வருகிறான், மூலை பெஞ்சு காலியாகக் கிடக்கிறது. நான் எழுதியது பொய் ஆகிவிடாதா?

வெயிலைச் சொல்லிப் பார்த்தேன், விமானத்தைச் சொல்லிப் பயமுறுத்தினேன். மனிதர் சிரித்துக்கொண்டே பெட்டி கட்டினார். வேறு வழி தெரியவில்லை. அவர் வீட்டு வாசல்படியில் எண்ணெய் தேய்த்தேன். விளக்கெண்ணெய் என்றால் ரொம்ப வழுக்கும். வயசாளி, பாவம் என்று தேங்காய் எண்ணெய்தான் தேய்த்தேன். விழுந்தவரை முதலில் ஓடிப்போய்த் தூக்கியதும் நான்தான். வலது கால். மாவுக்கட்டுப் போட்ட பிறகு, தினமும் ஆட்டோ பிடித்து அவரைக் கடையில் கொண்டுவந்து உட்கார வைத்தேன். பெற்ற பிள்ளை செய்யுமா?

"நீ இல்லெங்கி நான் என்ன செய்வேன் மக்களே," என்று என் கையைப் பிடித்து அழுதார். எனக்கும் கண் கலங்கிவிட்டது.

ஆனால் அதற்குப் பிறகு அவர் "கொள்ளாம்" சொல்லவில்லை. குடிப்பார், தம்ளரைக் கீழே வைப்பார், ரோட்டைப் பார்ப்பார். குழித்துறையிலிருந்து வந்த ஒரு குடும்பம், கிழவர் வாயே திறக்கவில்லை, எழுதியவன் ஏமாற்றுக்காரன் என்று மேப்பில் போட்டுவிட்டது. என் வாழ்க்கையில் அவ்வளவு மனவேதனை நான் பட்டதில்லை.

"அண்ணாச்சி, ஒருக்கா சொல்லுங்க. எனக்காக," என்று கெஞ்சினேன்.

"தோணல்ல மக்களே. பிள்ளை நடக்கத் தொடங்கிற்றாம். அதுதான் உள்ள கிடந்து அறுக்குது."

காப்பியில்தான் ஏதோ கோளாறு என்று முடிவு செய்து, பெனிஷுக்கு ஒரு நட்சத்திரத்தைக் குறைத்தேன்.

கால் தேறியதும் ஜினி மறுபடியும் டிக்கெட் எடுத்தாள். இந்தத் தடவை இடது கால். அடிபட்ட காலிலேயே மறுபடியும் என்றால் மனிதத்தன்மை இல்லை பாருங்கள். இப்போது மறுபடியும் கட்டோடு ஆஸ்பத்திரியில் கிடக்கிறார். இனி நடப்பது கஷ்டம் என்று டாக்டர் சொன்னதாகக் கேள்விப்பட்டேன். ஆமாம், இரண்டு தடவையும் எண்ணெய் தேய்த்தது நான்தான். கையெழுத்துப் போட்டுத் தருகிறேன்.

நான் மாட்டிக்கொண்டது என் ஒழுங்கினால்தான். வாசகர்கள் குழம்பக்கூடாது என்று, "பெரியவர் வெளிநாடு போகவில்லை, கிறிஸ்துமஸ் வரை கட்டாயம் இருப்பார், நம்பி வரலாம்" என்று மேப்பில் திருத்தி எழுதினேன். அவர் இரண்டாம் தடவை விழுவதற்கு முந்தின நாளே எழுதிவிட்டேன். அப்பாவின் படத்தைப் பார்ப்பதற்காக ஜினி மஸ்கட்டில் இருந்துகொண்டு அந்தப் பக்கத்தைத் தினமும் திறப்பாளாம். அது எனக்குத் தெரியாது. தேதியைப் பார்த்து அவள்தான் புகார் கொடுத்திருக்கிறாள். இவ்வளவு பாசமுள்ள பெண் நேரில் வந்து பார்த்திருக்கலாம். அவள்மேல் எனக்குக் கோபம் இல்லை.

நீங்கள் காப்பியைக் கையில் வைத்துக்கொண்டு, குடிக்க மறந்து, அந்த ஜன்னலோரம் நின்று கேட்கிறீர்களே, மேடம், இது எல்லா ஸ்டேஷனிலும் கிடைக்காது. உங்களுக்குத் தூத்துக்குடிக்கு மாறுதல் வந்திருக்கிறது, பிள்ளைகள் அங்கேதான் படிக்கிறார்கள் என்று ஏட்டையா சொன்னார். சந்தோஷம். ஆனால் வரும்போது உங்கள் ஸ்டேஷன் வாசல்படியைப் பார்த்தேன், மழமழவென்று இருக்கிறது. கொஞ்சம் யோசித்துச் செய்யுங்கள். மனசுக்குள் உங்களையும் எழுதி, இந்த ஸ்டேஷனுக்கு ஐந்து நட்சத்திரம் போட்டு முடித்துவிட்டேன்.