நடு மறந்த ஸ்டியரிங்

கோவிந்தராஜ்: ...அதான் சொல்றேன் சபீனா, லைட்டு எரியறத நிறுத்து, போதும். சாயங்காலம் ஆறு மணிக்கு பார்ட்டி வண்டி பாக்க வர்றாரு.

சபீனா: லைட்ட மட்டும் அணைக்கற வேல என் ஒர்க்‌ஷாப்புல கெடையாது சார். எதுக்கு எரியுதுன்னு பாத்துட்டுதான்... ஏம்மா, நீங்க இன்னா சொல்றீங்க?

லோகநாயகி: அவருதான் விக்கறேன்னு ஒத்தக் கால்ல நிக்கறாரே. பொண்டாட்டி பேச இன்னா கீது?

கோவிந்தராஜ்: முட்டி வலி லோகு! கிளட்ச மிதிச்சா உயிரு போவுது. இன்னிக்கி இங்க வந்து சேர்றதுக்குள்ளயே கண்ணுல தண்ணி வந்துடுச்சி. ஓட்ட ஆளில்லாத கார ஊட்ல நிறுத்தி வெச்சி பூஜ பண்ணவா?

லோகநாயகி: ஆளில்லையாம்...

கோவிந்தராஜ்: இன்னா முணுமுணுக்கற?

லோகநாயகி: ஒண்ணுமில்ல. பாப்பா, அந்த மஞ்ச லைட்டு எதுக்கு? கார் வழுக்கற மாரி படம் போட்டுகீது...

சபீனா: அதேதாம்மா. மழையில, வளைவுல வண்டி வழுக்கிச்சின்னா, எந்த வீலுக்கு பிரேக் போடணுமோ அதுக்கு மட்டும் தானா போட்டு வண்டிய நேராக்கும். இஎஸ்சின்னு பேரு. லைட்டு எரிஞ்சிகினே இருந்தா, அந்த வேல நடக்காதுன்னு அர்த்தம்.

கோவிந்தராஜ்: ரெண்டு மெக்கானிக்க ஊட்டாண்ட கூட்டியாந்து காட்டிட்டேன். ஒருத்தன் வீல் சென்சார் போச்சுன்றான். இன்னொருத்தன் பிரேக் யூனிட்டே போச்சுன்றான்!

சபீனா: நாலு வீல் சென்சாரும் ஜம்முனு கீது. பிரேக் ஆயிலும் சரியா கீது. ஸ்கேனர்ல வேற ஒண்ணு காட்டுது... ஸ்டியரிங் எந்தப் பக்கம் எவ்ளோ திரும்பிகீதுன்னு சொல்றதுக்கு ஒரு சென்சார். அது நடு எதுன்னே மறந்துட்டுகீது.

கோவிந்தராஜ்: மறக்கறதுக்கு அதுக்கு இன்னா வயசாச்சு? நாலு வருஷ வண்டி!

சபீனா: கரண்ட புடுங்கினா மறந்துடும் சார். ஆமா... பேட்டரி நட்டு ஏன் இப்டி மழுங்கிகீது? யாரு அடிக்கடி கழட்டறது?

கோவிந்தராஜ்: ...நான்தான்.

சபீனா: எதுக்கு?

கோவிந்தராஜ்: ஆவடி டாங்கி பேக்டரியில முப்பத்திரெண்டு வருஷம்மா! நிக்கற வண்டிக்கு நெகடிவ் ஒயர கழட்டி வெக்கணும். அது ரூலு. பேட்டரி எறங்காது.

லோகநாயகி: அவரு ரிட்டயர் ஆயி மூணு வருஷம் ஆச்சு. ரூலு இன்னும் ரிட்டயர் ஆவல.

சபீனா: அது குண்டு போடற வண்டிக்கு சார்! இத கழட்டி மாட்டுனா ஒவ்வொரு தடவயும் மறந்துடும். ஸ்டியரிங்க ரெண்டு பக்கமும் கடைசி வரைக்கும் திருப்பி, கொஞ்ச தூரம் நேரா ஓட்டுனாதான் ஞாபகம் வரும்.

கோவிந்தராஜ்: அப்ப பழுதே இல்லையா?

சபீனா: பழுது நீங்கதான் சார். ...இருங்க, ஒண்ணு இடிக்குது. இன்னிக்கிக்கு முன்னாடி கடைசியா எப்ப வண்டி எடுத்தீங்க?

கோவிந்தராஜ்: தீபாவளிக்கு. அன்னிக்கி கழட்டி வெச்சதுதான்.

சபீனா: அதுக்கப்புறம், மெக்கானிக்குங்க பாத்தது, இன்னிக்கி வந்தது போவ, பதினோரு தடவ மறந்துகீது சார். ஒவ்வொரு தடவயும் பதினெட்டு கிலோமீட்டர் ஏறிகீது. நிக்கற வண்டி எப்டி...

லோகநாயகி: ஏங்க! டீ சொல்லிட்டு வாங்களேன். பாப்பாவுக்கு தொண்ட வறண்டு போச்சு பாருங்க.

கோவிந்தராஜ்: எனுக்கு முட்டி...

லோகநாயகி: எதுத்த கடதான். நடந்தா நல்லதுன்னு டாக்டர் சொன்னாரில்ல?

கோவிந்தராஜ்: சரி, சரி... போறேன்.

லோகநாயகி: போயிட்டாரா? பாப்பா... அந்த பதினொண்ணும் நான்தான்.

சபீனா: நீங்களா! நீங்க வண்டி ஓட்டுவீங்களா?

லோகநாயகி: மெதுவா பேசு! ட்ரைவிங் ஸ்கூலு போயி லைசென்சே வாங்கிட்டேன். புதங்கிழம அவரு பென்ஷன் சங்கத்துக்கு போவாரு. நான் பத்தாம் நம்பர் ஸ்பேனர எடுத்து ஒயர மாட்டிகினு, கொரட்டூர் ஏரி வரைக்கும் போயிட்டு வந்து, திரும்ப கழட்டி... இருந்தத இருந்த மாரியே வெச்சிடுவேன்.

சபீனா: அய்யோ அம்மா! புருஷனும் பொண்டாட்டியும் சேந்து அந்த சென்சாருக்கு பைத்தியம் புடிக்க வெச்சிட்டீங்க. சார்கிட்ட சொல்றதுக்கு இன்னா?

லோகநாயகி: பையன் கல்யாணத்துல அத்தினி பேரு முன்னாடி, "லோகுவுக்கு கார் போறதுக்கு கேட்ட தொறந்து உடத்தான் வரும்"னாரு. எல்லாரும் சிரிச்சாங்க. நானும் சிரிச்சேன். மனசு ஆறல பாப்பா. நல்லா கத்துகினு, ஒரு நாளு அவர பக்கத்துல ஒக்கார வெச்சி கூட்டிகினு போவணும்னு இருந்தேன்... இப்ப வண்டியே போவுது.

சபீனா: ஓட்டறது அவ்ளோ புடிச்சிகீதா?

லோகநாயகி: கண்ணாடிய எறக்கி உட்டு, தேர்டு கியர்ல ஏரிக்காத்து மூஞ்சில அடிக்கும் பாரு... அம்பத்தெட்டு வயசுல எனுக்கு அப்டி ஒரு சந்தோஷம். சொல்லத் தெரியல.

சபீனா: அப்ப இப்பவே சொல்லிடுங்க. தோ, வந்துட்டாரு.

கோவிந்தராஜ்: மூணு டீ... இன்னா, வேல முடிஞ்சிதா?

சபீனா: ஸ்கேனர்லயே நடுவ செட் பண்ணிட்டேன் சார். முன்னாடி கீற ரோட்ல ஒரு ரவுண்டு ஓட்டிப் பாத்தா முடிஞ்சிது. நான் பின் சீட்ல ஒக்காந்து ஸ்கேனர பாத்துகினு வர்றேன். யாரு ஓட்டறீங்க?

கோவிந்தராஜ்: எனுக்கு முட்டி...

லோகநாயகி: சாவிய குடுங்க.

கோவிந்தராஜ்: யாரு... நீயா?

லோகநாயகி: நான்தான். லைசென்ஸ் கீது. பதினோரு புதங்கிழமையா உங்களுக்கு தெரியாம ஓட்டிகினு கீறேன். திட்டணும்னா திட்டுங்க... ஆனா வண்டிய விக்காதீங்க. இனிமே நான் ஓட்டறேன்.

சபீனா: சார்... இன்னா சார் சிரிக்கறீங்க? டீ சிந்துது சார்!

லோகநாயகி: சிரிப்பு வருதா? மொதல்ல அந்த பார்ட்டிக்கு போன போட்டு வராதன்னு சொல்லுங்க!

கோவிந்தராஜ்: எந்த பார்ட்டி லோகு? அப்டி ஒருத்தன் கெடையவே கெடையாது. நீயா வாயத் தொறப்பன்னு பாத்தேன்... தொறக்கற மாரி தெரியல, அதான் விக்கறேன்னு எடுத்து உட்டேன். உன் லைசென்ஸ் தபால்ல வந்தன்னிக்கே கண்டுகினேன். நான் சங்கத்துக்கு போயி மூணு மாசம் ஆவுது. பதினோரு புதங்கிழமையும் உன் பின்னாடியேதான் ஸ்கூட்டர்ல கொரட்டூர் வரைக்கும் வந்துகினு கீறேன். இந்தா, சாவி. சும்மா சொல்லக்கூடாது, சூப்பரா ஓட்டற... பட்டரவாக்கம் திருப்பத்துல மட்டும் இண்டிகேட்டர் போட மறந்துடற.