மாமாவை எங்கே நிறுத்துவது

— அந்தக் கருவியைக் கழட்டிட்டுப் பேசலாமா மாமா? நெஞ்சுல சிவப்பு விளக்கு எரிஞ்சுக்கிட்டே இருக்கு.

— இருக்கட்டும் மாப்ளே. நான் எவ்வளவு ஓடினேன்னு இது சொல்லும்ல?

— சொல்லிடுச்சு.

— என்னன்னு?

— கம்ப்யூட்டர்ல கணக்குப் பார்க்கறவர் போன் பண்ணினார். யாரோ கருவியைக் கழட்டி பெஞ்சுல வச்சுட்டாங்க போல, அசையவே இல்லைன்னார்.

— நீ என்ன சொன்னே?

— அது எங்க மாமான்னு சொன்னேன்.

— அவருக்கு என்னைத் தெரியாதா?

— அவர் சின்ன வயசு. உங்களைத் தெரியலை. நடுக்களத்துல மணிக்கூண்டுன்னு ஒருத்தர் இருந்தார், எல்லாரும் சுத்திச் சுத்தி ஓடுவாங்க, அவர் நின்ன இடத்துலேருந்தே ஆட்டத்தை நடத்துவார்னு விளக்கிச் சொன்னேன். இருந்தார்னு சொன்னதும் ரொம்ப வருத்தப்பட்டார்.

— எதுக்கு?

— செத்துட்டீங்கன்னு நினைச்சுட்டார்.

— சரி, விடு. விஷயத்துக்கு வா. ஞாயிற்றுக்கிழமை மேட்ச்ல நான் உண்டா இல்லையா? நீதானே கோச்.

— நீங்க ஆட்டத்தை விட்டு எட்டு வருஷம் ஆச்சு மாமா.

— வயசைக் கேட்கலை. இடத்தைக் கேட்டேன். என்னை எங்கே நிறுத்துவே?

— அங்கதான் சிக்கல். இப்போ யாரையும் நிறுத்தறதில்லை. பந்து பறிபோனா அடுத்த நொடியே எல்லாரும் பாய்ஞ்சு பிடுங்கணும்.

— நான் பந்தைத் தொலைச்சாத்தானே?

— இன்னைக்குப் பயிற்சி ஆட்டத்துல தொலைச்சீங்க.

— அந்த ஏழாம் நம்பர்க்காரன் ஓட வேண்டிய இடத்துக்கு ஓடலை.

— ஓடினான் மாமா. உங்க பாஸ் வர்றதுக்குள்ள அங்கேருந்து வேற இடத்துக்கும் ஓடிட்டான்.

— டிஃபன்ஸுக்கு முன்னாடி போடு. அங்கே நிக்கலாம்.

— அங்கே இருக்கறவன்தான் இப்போ அதிகமா ஓடறான்.

— முன்னாடி போடு. கோல் பக்கத்துல.

— முதல்ல துரத்த வேண்டியதே ஃபார்வர்டுதான்.

— கோல்கீப்பரா...

— நம்ம கோல்கீப்பர் பாதி மைதானம் வரைக்கும் வந்து பாஸ் கொடுத்துட்டுப் போறார்.

— அப்போ இந்த ஆட்டத்துல யாருமே நிக்கறதில்லையா?

— கார்னர் கொடி நிக்குது.

— நக்கலா? ஒரு பாஸ் கொடுத்தேனே, பார்த்தியா? நாலு பேருக்கு நடுவுல.

— பார்த்தேன்.

— எப்படி?

— ...அப்படியேதான் இருக்கு மாமா. ஒரு குறையும் இல்லை. எதிர்ப்பக்கம் ஆடினவங்களே கைதட்டினாங்க.

— அப்புறம் என்ன? கடைசிப் பத்து நிமிஷம் இறக்கு. கிளப் முதலாளி போஸ்டரே அடிச்சுட்டார்.

— போஸ்டர்ல நில்லுங்க. அங்கே யாரும் வந்து மோத மாட்டாங்க.

— மோதினா மோதட்டும். இந்த உடம்பு வாங்காத அடியா?

— இந்தக் கோச் ரூமுக்கு எப்படி வந்தீங்க?

— லிஃப்ட்ல.

— லிஃப்ட் ஓடலை.

— ...படியில.

— அதான் இவ்வளவு நேரமா. டாக்டர் முட்டியைப் பார்த்தாரா?

— பார்த்தார். நல்லா இருக்குன்னார்.

— எந்த முட்டியை?

— இடது.

— வலதை?

— அதைப் பத்தி ஏதோ சொல்லிக்கிட்டிருந்தார். நான் காதுல வாங்கலை.

— அக்கா வாங்கியிருக்கா. இன்னொரு தடவை திருகினா ஆயுசுக்கும் கைத்தடிதான்னு சொன்னாராம். ராத்திரி போன்ல அழுதா.

— உங்க அக்கா நான் தும்மினாலே அழுவா. மாப்ளே, ஆசையா இருக்குடா. ஒரே ஒரு தடவை.

— ஆசையா?

— ஆமா.

— பூட்ஸ்ல விலைச் சீட்டு அப்படியே ஒட்டியிருக்கு.

— புதுசு வாங்கக் கூடாதா?

— ஆட்டத்தை விட்ட அன்னைக்கே பழசை வாட்ச்மேன்கிட்டத் தூக்கிக் கொடுத்தீங்க. இனிமே ஞாயிற்றுக்கிழமைன்னா தூக்கம்தான்னீங்க. இத்தனை வருஷத்துல டிவியில மேட்ச் ஓடினாக்கூட எழுந்து போயிடுவீங்க. இப்போ திடீர்னு என்ன ஆசை?

— வரக் கூடாதா?

— மாமா, உண்மையைச் சொல்லுங்க.

— முதலாளி வீட்டுக்கு வந்தார்.

— எப்போ?

— போன வாரம். தொடர்ந்து தோத்துக்கிட்டிருக்கோம், பாதி சீட் காலியாக் கிடக்குன்னார். ஞாயிற்றுக்கிழமை நான் இறங்கினா ஸ்டேடியம் நிரம்பும், உன்னை சீசன் முடியற வரைக்கும் வச்சுக்கறேன்னார். இல்லைன்னா திங்கக்கிழமை வேற கோச்.

— அக்காவுக்குத் தெரியுமா?

— தெரிஞ்சா விடுவாளா? ஒரு பக்கம் புருஷன் முட்டி, ஒரு பக்கம் தம்பி வேலை. அவளை எதுக்கு நடுவுல மாட்டி விடணும்?

— அதுக்காகக் காலை உடைச்சுக்கறதா?

— பத்து வருஷம் என் பங்குக்கும் சேர்த்து நீ ஓடினே. பேப்பர்ல என் படம் வரும், உன் முதுகு மட்டும் ஓரத்துல தெரியும். உனக்காக ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் ஓடினா குறைஞ்சா போயிடுவேன்?

— நீங்கதான் ஓட மாட்டீங்களே.

— சரி, நிக்கறேன்.

— மாமா, முடியாது.

— பிடிவாதம் பிடிக்காதே. உன் வேலை போயிடும். திங்கக்கிழமை வர்றவன்கிட்டே போய் உனக்கு ஏதாவது வேலை கொடுன்னு நான் கெஞ்சணுமா?

— திங்கக்கிழமை வரைக்கும் காத்திருக்க வேண்டாம். முதலாளி உங்ககிட்டச் சொன்னதை என்கிட்டயும் சொன்னார். காலையில நீங்க பூட்ஸ் மாட்டிக்கிட்டு இருந்தப்பவே நான் வேலையை விட்டுட்டேன். புதுக் கோச்சா, ஓடாதவனை வாசல்லயே திருப்பி அனுப்பற ஆளாப் பார்த்து நான்தான் சிபாரிசு பண்ணேன், முதலாளியும் சரின்னுட்டார். நீங்க ஆடினதைக் கேலரியில உட்கார்ந்து முழுசாப் பார்த்தார், இப்போ வெளியில காத்துக்கிட்டிருக்கார்... மெதுவா எழுந்திருங்க, நீங்க உட்கார்ந்திருக்கறது அவர் நாற்காலி.