வால்விலிருந்து ஏழாவது கம்பி

வயது நாற்பத்திரண்டு. தொழில், இருசக்கர வாகனச் சக்கரம் பழுதுபார்த்தல். கடை, லாரி எடைமேடைக்கு எதிரில், இரும்புப் படிக்குக் கீழே உள்ள ஒற்றை அறை. வீடு அதே படிக்கு மேலே.

நான் மேற்கண்ட விலாசத்தில் குடியிருந்து வருகிறேன். வளைந்த சக்கரத்தைக் கோட்டம் எடுத்து நேராக்குவதால், கடைத்தெருவில் என்னைக் கோட்டம் என்று கூப்பிட்டால்தான் திரும்பிப் பார்ப்பேன். என் தங்கை கணவர் கூரியர் ஆபீசில் வண்டி ஓட்டுகிறார். சென்ற திங்கட்கிழமை காலை அவர் தன் மோட்டார் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்தார். அந்த மாதத்தில் முன் சக்கரம் நான்காவது முறையாகப் பஞ்சர். "உங்க தங்கச்சிகூட என்னை இத்தனை தடவை நடுரோட்ல நிறுத்தினதில்ல மச்சான்" என்றார். நான் ட்யூபைத் தூக்கிப் போட்டுவிட்டு ட்யூப்லெஸ் டயர் மாட்டிவிடலாம் என்றேன். கம்பிச் சக்கரத்தில் ஒவ்வொரு கம்பித் துளை வழியாகவும் காற்று போய்விடும் என்பதால் யாரும் அதற்குத் துணிய மாட்டார்கள் என்றும், நான் செய்வேன் என்றும் சொன்னேன். தலைக்கனத்தில் சொன்னதுதான்.

அதன் பிறகு சக்கரத்தைக் கோட்டம் எடுத்து, ரிம்மின் உள்பக்கத்தைத் துடைத்து, முப்பத்தாறு கம்பித் தலைகளிலும் ரப்பர் பசை வைத்து, ஒரு நாள் முழுக்கக் காயவிட்டு, மேலே பட்டை ஒட்டி, டயரை ஏற்றிக் காற்றடித்து, தண்ணீர்த் தொட்டியில் மெதுவாகச் சுற்றினேன். ஒரு குமிழிகூட வரவில்லை. தொட்டியில் கிடந்த வானம் சக்கரத்தோடு சேர்ந்து சுற்றி, பிறகு அடங்கியது. எவ்வளவு நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன் என்று கேட்டால் சொல்லத் தெரியாது. ரொம்பச் சந்தோஷமாக இருந்தது.

அதன் பிறகு சக்கரத்தை வண்டியில் மாட்டிச் சுற்றிவிட்டேன். கம்பிகள் மறைந்து வெறும் வெளிச்சம் மட்டும் நின்றது. சுற்று நின்றதும் கண்ணை மூடிக்கொண்டு ஒவ்வொரு கம்பியாகத் தட்டிக் கேட்டேன். இருபது வருடப் பழக்கம். வால்விலிருந்து ஏழாவது கம்பி மட்டும் சுருதி இறங்கிக் கேட்டது. என் கை தானாகக் கம்பி திருகும் சாவியை எடுத்து அதைக் கால் சுற்று முறுக்கிவிட்டது. அதுவும் மற்றவற்றோடு சேர்ந்துகொண்டது. பசை காய்ந்த பிறகு கம்பியைத் திருகினால் உள்ளே பசை கிழியும், தொடாதே என்று கடைச் சுவரில் எழுதி வைத்திருப்பவனே நான்தான். அன்று அது நினைவுக்கே வரவில்லை. மறுபடி தண்ணீரில் வைத்தும் பார்க்கவில்லை. புதன்கிழமை காலை வண்டியைக் கொடுத்துவிட்டேன்.

வியாழக்கிழமை பகல் பன்னிரண்டு மணிக்கு ஒரு வளைவில் முன் டயர் காற்றிறங்கி வண்டி சாய்ந்தது. அவருக்குக் கணுக்காலில் இரண்டு இடத்தில் முறிவு. ஆஸ்பத்திரியில் என்னைப் பார்த்ததும், "கல்லு மேல ஏத்திட்டேன் மச்சான், என் தப்புதான்" என்றார். தங்கை அவர் காலையே பார்த்துக்கொண்டிருந்தாள். தங்களிடமும் அவர் அப்படியே சொல்லியிருப்பதாக அறிகிறேன். கவனமில்லாமல் ஓட்டினார் என்று ஆபீசில் அவரை வேலையை விட்டு நீக்கப் போகிறார்கள். அன்று மாலை அந்த வளைவை நடந்து பார்த்தேன். கல் எதுவும் இல்லை. என்னைக் காப்பாற்றத்தான் அப்படிச் சொல்கிறார். என் கடை போனாலும் போகட்டும், அவர் வேலை போகக்கூடாது.

மேலே எழுதியதை எனக்கு வாசித்துக் காட்டினார்கள். நான் சொன்னபடியே இருக்கிறது. அந்தச் சக்கரம் இந்தக் காவல் நிலையத்தின் வாசலில்தான் கிடக்கிறது. காற்றடித்துத் தண்ணீரில் வைத்துப் பாருங்கள். ஏழாவது கம்பியில் குமிழி வரும். வேறு எங்கிருந்தாவது வந்தால் நான் சொன்னதெல்லாம் பொய்.

ஒப்பம்.