டீக்கடை சிவதாணுவின் தமிழ்

ஆறிய டீயை என்னால் குடிக்க முடியாது. காத்திருந்தால் எதுவும் கெட்டுப்போகும் என்பது என் கருத்து. இதையும் எழுதிக்கொள்ளுங்கள், என்னை விசாரிக்க வந்த அதிகாரி சாறே.

போலீஸ் ‘வழக்கு வேண்டாம்’ என்று முடித்ததை, யாராவது மனுக் கொடுத்தால் மறுபடி பார்த்துச் சொல்வது நெய்யாற்றின்கரையில் என் வேலை. பொழியூர் ஜேனட் கொடுத்த மனு அப்படி வந்தது. அவர் மகன் ஷிஜினைப் பாறசாலைப் பக்கம் கல் லாரி அடித்துக் கொன்றது. லாரி முதலாளியின் மகன் அனூஜ்தான் ஓட்டினான் என்பதைக் கண்ணால் பார்த்தவர் ஒருவரே: டீக்கடை சிவதாணு. அவர் வாக்குமூலம் தமிழில் இருந்தது. போலீஸ் அதைப் புரட்டிப் பார்க்காமலே ‘சாட்சி இல்லை’ என்று எழுதியிருந்தது.

அலுவலக மொழி மலையாளம். ஆகவே மொழிபெயர்ப்புக்குத் திருவனந்தபுரம் அனுப்பினேன். ஜேனட் வந்தார்.

“சாறே, நீங்க வீட்டுல தமிழ்தானே பேசுதிய? ஒருக்கா வாசிச்சா என்ன?”

“ஆபீசுல எனக்குத் தமிழ் தெரியாதாக்கும்.”

“அதையும் தமிழ்லதானே சொல்லுதிய.”

மொழிபெயர்ப்பு வந்தது. முத்திரை மங்கல், திருப்பி அனுப்பினேன். அடுத்த முறை முத்திரை பளிச்சென்று இருந்தது, கையெழுத்து இல்லை. நான் என்ன செய்ய?

ஜேனட் மறுபடி வந்தார். “சிவதாணு அண்ணனுக்கு கிட்னி போச்சு சாறே. டயாலிசிஸ்ல கெடக்காரு. கொஞ்சம் வேகம் பாருங்க.”

நோயாளியைக் கோர்ட்டுக்கு இழுப்பது மனிதாபிமானம் ஆகாது. மனுக் கோப்பை அலமாரியின் அடித்தட்டுக்கு மாற்றினேன்.

சிவதாணு இறந்த செய்தி கிடைத்ததும் சுணக்கமின்றி உத்தரவு எழுதினேன். ஜேனட் பக்கமே நியாயம். அனூஜ் மேல் வழக்குத் தொடர வேண்டும். சாட்சியை ஆஜர்படுத்த வேண்டும். மேலதிகாரியே உத்தரவின் மொழிநடையைப் பாராட்டினார்.

ஜேனட் உத்தரவை மடித்து என் மேசையில் வைத்தார். “சாட்சிய சுடுகாட்டுல போயா விளிக்கணும், சாறே?”

ஆம், வாக்குமூலத்தை முதல் நாளே வாசித்துவிட்டேன். தமிழ் என் தாய்மொழி. ‘பயலுக்கு அப்ப உசுரு உண்டும். இவன் எறங்கிப் பாத்துட்டு, திரும்ப ஏறிப் போயிட்டான்’ என்று இருந்தது.

யாரிடமும் காசு வாங்கவில்லை. அனூஜ் இப்போது என் மருமகன் என்பதற்கும் தாமதத்துக்கும் தொடர்பில்லை. மனு வரும் முன்பே என் மகளுக்கும் அவனுக்கும் நிச்சயதார்த்தம் முடிந்திருந்தது. “அந்தக் கேசு தீந்த பெறகு கல்யாணம் வச்சா போராதா?” என்று மனைவிதான் கேட்டாள்.

பெண்ணொருத்தியைக் காத்திருக்க வைப்பது பாவம் என்று சொல்லிவிட்டேன்.