இரண்டு சொட்டுப் பன்னீர்

கண்வலிக்குப் பன்னீர் நல்லது என்று யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். நானும் அதைத்தான் சொன்னேன்.

எழுபத்தேழில் முதலில் எனக்குத்தான் மெட்ராஸ் ஐ வந்தது. திருவள்ளூரிலிருந்து பேசின் பிரிட்ஜில் வண்டி மாறி, கும்மிடிப்பூண்டி இரும்பாலைக்குக் கணக்கெழுதப் போகிறவன் நான். "இன்னா சாமி, கண்ணு இப்டி செவந்துகீது? என்னப் பாக்காதே, ஒட்டிக்கும்" என்றான் கூட வேலைபார்க்கும் முனிகிருஷ்ணன். சொன்ன கையோடு என் துண்டை வாங்கி முகத்தைத் துடைத்துக்கொண்டான். மறுநாளே அவனுக்கும் வந்தது. பார்வையால்தான் வந்தது என்று இன்றுவரை சாதிக்கிறான், மகானுபாவன். எனக்கு விஷயம் விளங்கிவிட்டது.

எங்கள் கோயிலில் பாசுரம் சேவிக்கிற கோஷ்டியில் முதல் தீர்த்தம் அனந்தபத்மநாபனுக்கு. எனக்கு இரண்டாவது. ஒரு உத்தரணித் தண்ணீர்தானே என்பீர்கள். அந்தத் தண்ணீருக்காக என் வயிறு வருஷக்கணக்காக எரிந்தது. மனிதருக்குப் பாசுரத்தில் பாதி வராது. மறந்த இடத்தில் கண்ணை மூடிக்கொள்வார். ஜனங்கள் பக்தி என்பார்கள்.

அவர் குளத்தில் முழுகும்போது, படியில் கிடந்த அவர் துண்டில் என் கண்ணை ஒற்றி எடுத்தேன். அவ்வளவுதான். அவர் படுத்தார், முதல் தீர்த்தம் எனக்கு வந்தது. சத்தியமாகச் சொல்கிறேன், தேனாக இனித்தது.

ஆனால் கண்வலி ஆறிவிடுகிற வியாதி. அவர் மனைவி பங்கஜவல்லி, "சிவப்பு கொறஞ்சுடுத்து" என்று சிரித்தபோது எனக்குப் பகீரென்றது. தாய்ப்பால், நந்தியாவட்டை என்று ஊரே வைத்தியம் சொன்னது. நான் பன்னீர் கொண்டுபோனேன். வெற்றிலைச் சுண்ணாம்பைக் கரைத்து, தெளிவை அதில் கலந்திருந்தேன்.

"எரியறதேடா, எம்பார்!" என்று என் பேரைச் சொல்லிக் கத்தினார்.

"எரிஞ்சாத்தான் ஸ்வாமி குணமாகும்."

நம்பினார். நாள் தவறாமல் என் கையாலேயே விட்டேன். ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனபோது, இனி பார்வை வராது என்று சொல்லிவிட்டார்கள்.

ஊர் உருகியது. கண் போயும் பெருமாளை விடாத புண்ணியாத்மா என்று முதல் தீர்த்தத்தோடு இப்போது மாலையும் அவருக்கே. இப்போது எப்போதும் கண்ணை மூடிக்கொண்டிருக்கிறார், பக்தி கூடிவிட்டதாம். கையைப் பிடித்து அழைத்துவருகிற எனக்கு அதே இரண்டாவது.

"பெத்த பிள்ளைகூட இப்படிப் பாத்துக்கமாட்டான்" என்று என் கையைத் தடவுகிறார். எனக்குக் கண் கலங்கிவிடுகிறது. அவர்மீது எனக்கு எந்த விரோதமும் இல்லை.

நேற்றிலிருந்து லேசாக இருமுகிறார், பாவம். கஷாயம் நான் வைத்துத் தருகிறேன் என்று பங்கஜவல்லியிடம் சொல்லியிருக்கிறேன்.