வெளித் தாழ்ப்பாள்

அந்தக் கதவை முழுசாகச் சாத்தாதீர்கள். கொஞ்சம் ஒருக்களித்தே இருக்கட்டும். ஏன் என்று கடைசியில் புரியும்.

பேய் வர நடுநிசி வேண்டும் என்று யார் சொன்னது? இது பட்டப்பகலில் ஆரம்பித்தது. உச்சி வெயில். ஊரடங்கு நேரம். தெருவில் ஈ, காக்கை கிடையாது. அந்தத் தெருவில் ஒரு ஆள் பெட்டியை உருட்டிக்கொண்டு வருகிறார்... கடகட... கடகட... அந்தச் சத்தம் மட்டும்தான். அவரைப் பார்த்ததும் ஜன்னல்கள் ஒவ்வொன்றாகச் சாத்திக்கொண்டன.

அவர் என் சிநேகிதன் ஒட்டடைக்கு மாமா. அவன் அக்கா வீட்டுக்காரர். (ஒட்டடைக்குச்சி மாதிரி இருப்பான், அதனால் அந்தப் பெயர்.) மாமாவுக்கு வெளிநாட்டில், மீன் அடுக்கி வைக்கும் குளிர்க்கிடங்கில் வேலை. ஒப்பந்தம் முடிய இன்னும் நாள் கிடந்தது. தொற்று வந்ததும் கிடங்கை மூடி, கிடைத்த விமானத்தில் ஏற்றி விட்டார்கள். "குடுத்து வச்சவன்" என்றார்கள் கூட இருந்தவர்கள். மகள் கைக்குழந்தையாக இருந்தபோது போனவர். அவளை ஒரு தடவை தூக்க வேண்டும். அவருக்கு வேறு ஆசையே இல்லை.

வாசலில் "அப்பா!" என்று ஓடிய குழந்தையை அக்கா எட்டிப் பிடித்துவிட்டாள்.

"இரு கண்ணு. அப்பா கொஞ்ச நாள் மேல தனியா இருக்கணும். அப்புறம் தூக்குவாங்க."

அவர் மகளைப் பார்த்துக்கொண்டே, பின்பக்கமாகவே படியேறினாராம்.

அவருக்குத் தொண்டை கட்டிக் குரல் எழும்பவில்லை. போனில் அந்த நாட்டு சிம், இங்கே அது வெறும் டப்பா. புது சிம் வாங்கக் கடை ஏது? அவரே கதவுக்குப் பின்னாலிருந்து கரகரவென்று ஒரு வழி சொன்னார்.

"நீ மூணு தடவ தட்டு. நானும் தட்டுறேன். நல்லா இருக்கேன்னு வச்சுக்கோ. கிடங்குல கத்தினா வெளிய கேக்காது, நாங்க இப்படித்தான் தட்டிக்குவோம்."

படியோரம் அந்த மாடி அறைக்கு ஒரு சின்ன ஜன்னல், உள்பக்கம் திரை. கம்பிக்கு அடியில் தட்டு நுழையும். அக்கா சாப்பாட்டைக் காகிதத் தட்டில் அங்கே வைத்துவிட்டுக் கதவைத் தட்டுவாள். டொக்... டொக்... டொக். உள்ளேயிருந்தும் டொக், டொக், டொக். அப்புறம் பார்த்தால் தட்டு உள்ளே போயிருக்கும். கிருமி பரவும் என்று காலித் தட்டை வெளியே வைக்க வேண்டாம் என்று சொல்லியிருந்தாள்.

வந்த அன்று சாயங்காலமே குழந்தை மேலே ஏறிப்போய்க் கதவுப் பிடியில் தொங்கியது. அதனால் அக்கா வெளித் தாழ்ப்பாளைப் போட்டுவிட்டாள். அவளைக் குறை சொல்லாதீர்கள். நானாக இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பேன்.

அன்று ராத்திரி படுக்கப் போகும்போது மேலே சத்தம். டொக், டொக், டொக். இவள் தட்டவில்லை... அவராகத் தட்டுகிறார். தூக்கம் வரவில்லை போல என்று அவளுக்குச் சிரிப்பு வந்தது. ஏறிப்போய்ப் பதிலுக்குத் தட்டினாள். உடனே மறுபடி மூன்று, அவசரமாக.

"விளையாடினது போதும். படுங்க," என்றாள். இறங்கிவிட்டாள்.

அதற்கப்புறம் எல்லாம் ஒழுங்காக நடந்தது. வேளாவேளைக்கு இவள் தட்டினாள், பதில் வந்தது, தட்டு உள்ளே போனது. நடுவில் இவளுக்கும் லேசாகக் காய்ச்சல் கண்டு, மூக்கில் வாசனை சுத்தமாகப் போய்விட்டது.

தனிமை முடிந்த அன்று குழந்தைக்குப் புதுக் கவுன் மாட்டி, மேலே கூட்டிப்போய்த் தட்டினாள். பதில் வந்தது. தாழ்ப்பாளை நீக்கினாள். குழந்தைதான் முதலில் மூக்கைப் பொத்திக்கொண்டது.

கதவோரம் தரையில் கிடந்தார். வலது கை, தட்டுகிற மாதிரி விரல் மடக்கியபடி. சுவரோரம் தட்டுகள் வரிசையாக... ஒன்றில்கூடக் கை வைக்கவில்லை.

"வந்த அன்னிக்கு ராத்திரியே போயிட்டார்மா," என்றார் டாக்டர். "மூச்சுத் திணறல். சத்தம் போடக்கூட முடிஞ்சிருக்காது."

"அப்ப தினம் பதில் சொன்னது யாரு?" என்று கேட்டாள். டாக்டர் அவளுக்கு ஒரு தூக்க மாத்திரை எழுதிக் கொடுத்தார்.

துக்கம் விசாரிக்க, அவரோடு கிடங்கில் வேலை பார்த்தவர் போன் செய்தார். அக்கா எல்லாவற்றையும் சொன்னாள்.

"பூட்டறதுக்கு முன்னாடி நாங்க வெளியிலேருந்து தட்டிப் பாப்போம்மா. உள்ள இருந்து பதில் வந்தா பூட்டக் கூடாது. ஆள் மாட்டிக்கிட்டிருக்கான்னு அர்த்தம். உங்ககிட்ட இதைச் சொல்லலியா அவன்?"

அதற்குமேல் அக்காவால் அந்த வீட்டில் இருக்க முடியவில்லை. குழந்தையோடு அம்மா வீட்டுக்கு வந்துவிட்டாள். மிச்சச் சாமானை எடுத்துவிட்டுப் பூட்டிவர ஒட்டடைதான் போனான். நல்ல வெயில். மேல் அறையைச் சாத்தி, கை பழக்கத்தில் தாழ்ப்பாளைப் போட்டான்.

டொக், டொக், டொக்.

திறந்தான். யாருமில்லை. முகத்தில் சில்லென்று காற்று. ஐஸில் வைத்த மீன் வாடை. கதவை அப்படியே திறந்து போட்டுவிட்டு, விழுந்தடித்து இறங்கி, வாசல் கதவை இழுத்துச் சாத்திச் சாவியைத் திருப்பினான். மரத்துக்கு அந்தப் பக்கம்... அவன் கைக்கு நேராக... மூன்று. உடனே மறுபடி மூன்று.

சாவி பூட்டிலேயே இருந்தது. ஒரு திருப்பு திருப்பினால் போதும் என்று தெரியும் என்றான் என்னிடம். கை வரவில்லை. சாவியை உருவிக்கொண்டு வந்துவிட்டான்.

தெருமுனை தாண்டுவதற்குள் அக்கா போன் செய்துவிட்டாள்.

"பூட்டறதுக்கு முன்னாடி தட்டிப் பாத்தியாடா?"

"பாத்தேன்க்கா," என்றான். "பதில் வரல."